உபயம் எழுதிய ஸ்கேனர்

எங்கள் சங்கத்தைப் பற்றி யாரும் குறை சொல்லிவிட முடியாது. குறை சொல்ல வேண்டுமானால் அங்கே ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஒரு எழவும் நடப்பதில்லை. கூட்டம் மட்டும் தவறாமல் நடக்கும்.

கொல்லையடி அய்யனார் குலதெய்வப் பங்காளிகள் நலச் சங்கம் என்பது முழுப் பெயர். கோயில் ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. பங்காளிகளில் பாதிப் பேர் பெரம்பலூர்ப் பக்கம், பாதிப் பேர் அரியலூர்ப் பக்கம். மாவட்டத்தைப் பிரித்தாலும் பிரித்தார்கள், அன்றைக்கே சங்கமும் மனசுக்குள் இரண்டாகிவிட்டது. தலைவர் அரியலூர்க்காரர் என்றால் செயலாளர் பெரம்பலூர்க்காரராக இருக்க வேண்டும். மைக்செட் அங்கே பிடித்தால் பந்தல் இங்கே பிடிக்க வேண்டும். அய்யனார் ஒருவர்தான் என்பதால் அவரை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதற்கும் ஒரு துணைக்குழு போட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் அதில் தலைக்கட்டு வரி கட்டும் சாதாரண உறுப்பினன், கலைச்செல்வன். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ வரும்போது மட்டும் கை நீட்டுகிறவன். நான் சொல்ல வந்தது தனம் அண்ணியின் கதை. அண்ணியின் புருஷன் சாமிக்கண்ணு எனக்குப் பங்காளி அண்ணன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

கும்பாபிஷேகம் நெருங்கியதும் விழா மலர் ஒன்று போட வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. தலைவர் பெரியசாமி மைக்கைப் பிடித்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். லாரியைப் போலவே பேச்சிலும் பிரேக் பிடிக்காது.

“சொந்தங்களே! நம்ம ஒவ்வொரு வூட்லயும் பழைய போட்டோ கெடக்குது, பத்திரம் கெடக்குது, கல்யாணப் பத்திரிக்கை கெடக்குது. கரையான் திங்குது. நாம ஒரு ஸ்கேனர் வாங்குறோம், எல்லாத்தையும் ஸ்கேன் பண்றோம், மலர்ல போடுறோம். நாலு வருசமா நான் தலைவர். என் மேல ஒரு புகார் உண்டா? உண்டான்னு கேக்குறேன்! எவனாச்சும் புகார் கொடுத்தா நான் வாங்குனதே கெடையாது!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து செயலாளர் தமிழழகன் எழுந்தார். அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரண்டாம் முறை குழம்பு கேட்டால்கூட “மேற்படி குழம்பு” என்றுதான் கேட்பார் என்று பேச்சு.

“மூலப்படங்கள் மட்டுமே ஏற்கப்படும்” என்றார் அவர். “செல்போனில் எடுத்த படமோ, ஜெராக்ஸோ ஏற்கப்பட மாட்டாது. மூலத்தைப் பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஸ்கேனர் வந்தவுடன் படியெடுத்துத் திருப்பித் தரப்படும்.”

ஸ்கேனர் வந்த பிறகு வாங்கினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ‘நீ வளர்ச்சிக்கு எதிரி’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

தனம் அண்ணியும் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தது. சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போனபோது, வெளியே கேமராவோடு நின்ற ஒருவர் எடுத்துக் கொடுத்த படம். சாமிக்கண்ணு அண்ணன் மொட்டைத் தலையும் சந்தனமுமாக, கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். வாழ்நாளில் அவர் போட்டோவுக்கு நின்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஆதார் கார்டிலும் ஒரு முகம் இருக்கிறது. அது அவர்தான் என்று அரசாங்கம் சொல்வதால் நாமும் ஒத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓரமெல்லாம் கறை ஏறி அந்தப் படமும் மங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நல்ல நகல் எடுத்துப் பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும், அவர் சிரிப்பு போய்விடக் கூடாது என்பதுதான் அண்ணியின் ஒரே ஆசை.

“எப்பங்க திரும்பத் தருவீங்க?” என்று கேட்டது அண்ணி.

“ஸ்கேனர் வந்த அன்னிக்கே” என்று பொருளாளர் வீரமுத்து வாங்கி ஒரு யூரியா சாக்கில் போட்டார். சாக்கு அவருடைய முந்திரிக் குடோனுக்குப் போனது.

ஸ்கேனர் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும்தான் குழு. அந்தக் குழு கேட்பதைப் பரிசீலிக்க ஒரு மேல்நிலைக் குழு. அதிலும் அதே மூவர். தேர்வுக் குழுவாக எழுதியதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்நிலைக் குழுவாக உட்கார்ந்து சந்தேகப்பட்டார்கள். ஒருமுறை தன் கடிதத்துக்கே செயலாளர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டுக்கொண்டார். திருப்தியான பதில் வரவில்லை என்று வருத்தமும் தெரிவித்தார்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடைக்கு இவர்கள் போனபோது சுமை தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக ஒன்றை எடுத்து வைத்தார்.

“வூட்டு போட்டோ, பத்திரம் ஸ்கேன் பண்ண இது போதுங்க. மூடியத் தொறந்து கண்ணாடி மேல போட்டோவக் குப்புறப் போடுறீங்க, மூடுறீங்க, பொத்தான அமுத்துறீங்க. அடியிலேர்ந்து வெளிச்சம் வந்து படத்த எடுத்துக்கும். கரண்ட்டும் இந்த வயர்லயே போயிரும். இடத்தையும் அடைக்காது.”

தலைவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

“எத்தன கிலோ வரும் இது?”

“ஒண்ணரை கிலோ இருக்குங்க.”

“ஏன்யா, ரெண்டு மாவட்டத்துல பங்காளி வச்சிருக்கோம். ஒண்ணரை கிலோ மிஷினா? நாளைக்கு மேடையில வச்சா கடைசி வரிசைக்குத் தெரியுமா இது? பெருசா காட்டு.”

கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் ஆபீஸ்களில் கட்டுக்கட்டாகக் காகிதத்தை உருட்டி இழுக்கிற பெரிய மெஷின் ஒன்றைக் காட்டினார். அதில் பழைய போட்டோவை விடக் கூடாது, உருளை மடக்கிவிடும் என்றும் சொன்னார். தலைவர் ஏற்கனவே தன் தகப்பனார் போட்டோவைப் பையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பெரிய மெஷினில் முதலில் போக வேண்டியவர் தன் அப்பாதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தகப்பனார் மேல்பக்கமாக உள்ளே போனார். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. கீழ்ப்பக்கமாக விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக வெளியே வந்தார்.

“உள்ள போறப்ப நல்லாத்தானய்யா போனாரு!” என்று அலறினார் தலைவர்.

இத்தனைக்கும் பிறகு, அந்த ஒண்ணரை கிலோ மெஷின்தான் என்று முடிவாயிற்று. ஆனால் பெரம்பலூர்க் கடையில் வாங்குவதா என்று அரியலூர்ப் பங்காளிகள் வரிந்துகட்டினார்கள். அதற்கு ஒரு கூட்டம். அதை ஸ்கேனர் என்பதா வருடி என்பதா என்று இன்னொரு கூட்டம். கடைசியில் சமரசத் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. மெஷின் பெரம்பலூரில், வயர் அரியலூரில். பெட்டிக்குள்ளேயே வயர் இருந்தது. தீர்மானத்தை மதித்து அதைப் பெரம்பலூர்க் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்கள். அரியலூரில் வாங்கிய வயரின் முனை இந்த மெஷினின் ஓட்டையில் போகவில்லை. ஓட்டை சதுரம், முனை தட்டை.

“இது பெரம்பலூர்க்காரங்க சூழ்ச்சி” என்றார் தலைவர்.

“வயரில் ஒற்றுமை மனப்பான்மை இல்லை” என்று செயலாளர் குறிப்பு எழுதினார்.

இப்படியாக ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. தனம் அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. களை வெட்டப் போகிற வழியில் வீரமுத்துவின் குடோன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

“தம்பி, குடோன் ஓட்டுல ஒழுவுதாம். சாக்கு நனஞ்சிருக்குமோ?” என்று என்னிடம் கேட்டது.

“கேட்டு வாங்கிடுங்க அண்ணி. நகலும் வேணாம் மண்ணும் வேணாம்.”

“கேக்காமயா இருக்கேன்? சாக்கு வாயத் தச்சு அரக்கு வச்சாச்சாம். பிரிக்கணும்னா மூணு பேரும் ஒண்ணா இருக்கணுமாம். மூணு பேரும் ஒண்ணா இருக்கறதே கூட்டத்துலதானாம். கூட்டத்துல சாக்கு பிரிக்கக் கூடாதாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தடிமாடுகள் சேர்ந்து ஒரு பொம்பளையை இப்படி அலைய விடுகிறார்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணி பயந்துபோய், “சத்தம் போடாதீங்க தம்பி, கோவத்துல அவரத் தூக்கி எறிஞ்சுட்டா?” என்றது. போட்டோ என்று சொல்லவில்லை. அவர் என்றுதான் சொன்னது.

ஒருவழியாகச் சரியான வயர் வந்தது. உடனே உபயப் பிரச்சினை கிளம்பியது. கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்குப் பேரெழுதிக் கொடுக்கிற பரம்பரை நாங்கள். இத்தனை பெரிய சங்கத்துக்கு இத்தனூண்டு ஸ்கேனர். அதற்குக் காசு கொடுத்தவர்கள் ஒரு கூட்டம். அத்தனை பேரும் தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்று நின்றார்கள். பெயின்டர் வந்து மேல் மூடியில் எழுதினான். நான்கு விளிம்பிலும் எழுதினான். இடம் போதாமல், மூடியைத் திறந்து உள்பக்கத்து வெள்ளைப் பரப்பின் நடுவில் மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பு பெயின்டில் எழுதித் தள்ளினான். இன்னார், இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று வரிசையாக.

அப்புறம் பூஜை. புது வண்டி எடுத்தால் சாமிக்கு முன் நிறுத்திப் பொட்டு வைக்காமல் யார் ஓட்டுவார்கள்? கோயில் பூசாரி ஸ்கேனரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்கு மூஞ்சி எதுப்பா?”

யாருக்கும் தெரியவில்லை. பூசாரி மூடியைத் திறந்தார். கண்ணாடி பளபளத்தது. “இதான் மூஞ்சி” என்று சொல்லி, கட்டை விரலால் குங்குமம் குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்தார். கண்ணாடிக்கு நட்டநடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்கு. பெரம்பலூர்க் கடைக்காரர் கண்ணாடியில் விரல்கூடப் படக் கூடாது என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. சொல்லலாம் என்று எழுந்தேன். “நடுவுல குறுக்க பேசாதப்பா, அபசகுனம்” என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

தொடக்க விழாவுக்கு மண்டபத்தில் பெரிய டிவி வைத்து லேப்டாப்போடு இணைத்திருந்தார்கள். முதல் படம் தலைவருடையதுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துண்டு போட்டு, மீசையை முறுக்கி எடுத்துக்கொண்ட போஸ்ட்கார்டு சைஸ் படம். மூடியை மூடினார்கள். நாதஸ்வரம் கெட்டிமேளம் வாசித்தது. பொத்தானை அமுக்கினார்கள். வெளிச்சம் ஓடியது. டிவியில் படம் இறங்கியது.

கெட்டிமேளம் பாதியில் நின்றது.

நடுவில் தலைவர். சந்தனம் போட்டோவின் மேலும் அப்பி, நெற்றியில் செக்கச்செவேல் என்று பொட்டு. சுற்றிலும் கறுப்பு எழுத்தில் மகன்கள், பேரன்கள், பங்காளிகள் பெயர்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தினமும் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தது. ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்ற ஒரு வரிதான் குறைவு.

செத்தவர்கள் போட்டோவுக்குத்தான் எங்கள் பக்கம் பொட்டு வைப்போம். தலைவரின் சம்சாரம் பாக்யலட்சுமி தாலியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது.

“நான் இருக்கேன்டி! இங்கதான்டி இருக்கேன்!” என்று மேடையில் குதித்தார் தலைவர். “எந்தப் பயடா இது? உசுரோட இருக்கறவன சாவடிச்சிட்டீங்களேடா!”

பெரம்பலூர்ப் பங்காளிகள் அதற்குள் டிவியை செல்போனில் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கும்பிடும் கை மட்டும் போட்டார்கள். சாயங்காலம் வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். தலைவரே வாசலில் நின்று வரவேற்றார். வந்த மாலையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டார். மாலை என்றால் அவருக்கு எதற்கு என்ற கேள்வியே கிடையாது.

அடுத்த நாள் அவசரக் கூட்டம். பூசாரி தீர்ப்புச் சொன்னார்.

“மிஷினு மொதமொதல்ல உசுரோட இருக்கறவர செத்தவரா எடுத்துருச்சு. தோசம் தங்கிருச்சு. தீர்த்தம் ஊத்தி, நெசமாவே செத்துப்போனவரு ஒருத்தரு போட்டோவ உள்ள வச்சு எடுத்தா அந்தத் தோசம் அவரோட போயிரும்.”

யார் வீட்டுச் செத்தவர் என்று பேச்சு வந்தது. பெரிய இடத்துச் செத்தவர்களுக்கெல்லாம் கேட்க ஆளிருந்தது. தோஷம் எங்கள் தாத்தா மேல் போவதா என்று சண்டைக்கு வந்தார்கள். தலைவருக்கு சட்டென்று ஞாபகம் வந்தது.

“அந்தச் சாமிக்கண்ணு பொண்டாட்டி நடையா நடக்குதே, அது போட்டோவ வையிங்க. அதுக்கும் ஆசை தீந்த மாதிரி, நமக்கும் தோசம் கழிஞ்ச மாதிரி.”

நோகாமல் நுங்கு தின்பது என்பது இதுதான். அண்ணிக்கு ஆள் அனுப்பினார்கள். தோஷக் கதையை யாரும் சொல்லவில்லை. அண்ணி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஏதோ அண்ணன் ஊரிலிருந்து வருகிற மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக வந்தது. சாக்கைப் பிரித்தார்கள். மேலே இருந்ததெல்லாம் நமுத்துப் போய்ப் பூஞ்சை வாடை அடித்தது. சாமிக்கண்ணு அண்ணன் படம் ஈரம் கோத்துக் கொஞ்சம் பிசுபிசுத்தது. ஆனாலும் சிரிப்பு அப்படியே இருந்தது.

பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணியைக் கண்ணாடி மேல் ஊற்றி வேட்டி முனையால் ஒப்புக்கு ஒற்றினார். அந்த ஈரத்தின் மேலேயே போட்டோவைக் குப்புற வைத்தார்கள்.

“இப்ப அமுத்திடலாமுங்களா?” என்று கேட்டது அண்ணி.

“ஈரத்துல கரண்டு அடிச்சிரும்மா. காயட்டும்” என்றார் வீரமுத்து. “வெள்ளிக்கெழம நல்ல நேரம் இருக்கு. அன்னிக்கு அமுத்திக்கலாம்.”

மூடியை மூடி, காற்றுக்குத் திறக்காமல் இருக்க மேலே ஒரு சிப்பம் அழைப்பிதழைத் தூக்கி வைத்தார்கள். படத்தை வெளியே எடுத்து வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். தோஷம் பாதியில் நிற்கும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணி விடிந்ததும் வந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்ல நேரம் வந்து சிப்பத்தை இறக்கி மூடியைத் திறந்தார்கள். போட்டோ கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார் வீரமுத்து. அசையவில்லை.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டது.

“பதறாதீங்க அண்ணி” என்றேன். “படம் கண்ணாடியப் பாத்துத்தான் இருக்கு. மிஷினு அடியிலேர்ந்துதான் பாக்குது. ஒட்டுனாலும் வரும். பொத்தான அமுத்துனாப் போதும், அண்ணன் வந்துருவாரு.” மேடையைப் பார்த்துக் கத்தினேன். “யோவ், கைய எடுங்க! பிய்க்காதீங்க! அப்படியே பொத்தான அமுத்துங்க!”

“மாமா, அமுத்தச் சொல்லுங்க மாமா” என்று அண்ணி தலைவரிடம் கெஞ்சியது. முறைக்கு அவர் மாமனார். “ஒரே ஒரு தடவ அமுத்தச் சொல்லுங்க. அதுக்கப்பறம் என்ன வேணா பண்ணிக்கங்க.”

செயலாளர் எழுந்தார். “அவசரப்படக் கூடாது. விதிமுறைப்படி படம் கண்ணாடியின் மீது வைக்கப்பட்டிருக்க வேண்டும். இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய படத்தைப் படியெடுக்க விதியில் இடமில்லை. மேலும், மூலத்தை உரியவரிடம் திருப்பித் தரும் பொறுப்பு சங்கத்துக்கு உண்டு. முதலில் மூலத்தை விடுவித்து, உரியவர் கையொப்பம் பெற்று, மீண்டும் முறைப்படி வாங்கி வைத்துப் படியெடுப்பதே நேர்மை. நான் முப்பது வருஷம் ஆபீஸில் இருந்தேன். என் கையால் ஒரு காரியம் விதிக்கு மாறாக நடந்ததில்லை. ஏனென்றால் என் கையால் ஒரு காரியமும் நடந்ததில்லை.”

அதற்கும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் வீரமுத்து ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்துவிட்டார்.

அவர் கையில் காகிதம் வந்தது. வெள்ளைக் காகிதம். ஓரத்தில் ஒரு காதும் கொஞ்சம் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் தோலாக உரிந்து கண்ணாடியோடு தங்கிவிட்டது.

“இந்தாம்மா. ஒரிஜினல ஒப்படைச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

அண்ணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “இதுல அவரக் காணுமே மாமா” என்றது.

“காயிதம் அதே காயிதந்தானம்மா” என்றார் தலைவர். பிறகு ஸ்கேனரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “கண்ணாடி அசிங்கமாக் கெடக்கு பாரு. ஈரத்துணி கொண்டாந்து அழுத்தித் தொடைங்கய்யா. அடுத்த போட்டோ வைக்கணும்.”

வீரமுத்து ஈரத்துணியோடு குனிந்தார். தனம் அண்ணி ஒரே எட்டில் மேடையேறியது. இத்தனை மாதமாக யாரிடமும் குரல் உயர்த்தாத பொம்பளை அது.

“தொட்ட, கைய ஒடிச்சிருவேன்.”

துணி வீரமுத்துவின் கையிலிருந்து விழுந்தது. அண்ணி வயரைப் பிடுங்கியது. மூடியை மெல்ல மூடி, ஸ்கேனரை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கியது. ஒண்ணரை கிலோதானே. நடந்தே போய்விட்டது. வயரை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

“சங்கச் சொத்து! சங்கச் சொத்து! பிடிங்கய்யா!” என்று தலைவர் கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை. யார் பிடிப்பது என்று தீர்மானம் இல்லையே. அரியலூர்ப் பங்காளி பிடித்தால் பெரம்பலூர்ப் பங்காளிக்கு மரியாதை போய்விடும். பிடிப்பதற்கு ஒரு குழு அமைக்கலாமா என்று செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தது ரோடு வரைக்கும் மைக்கில் கேட்டது. நாங்கள் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

ஜெயங்கொண்டத்தில் கவிதா என்று ஒரு பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. பிரிண்டர் ரிப்பேரும் அதுவே பார்க்கும். நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி கேட்டதும் அது கை காட்டி நிறுத்தியது. வயரைத் தன் கம்ப்யூட்டரில் செருகியது. மூடியைத் திறக்கவே இல்லை. பொத்தானை அமுக்கியது. வெளிச்சம் ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஆடியிலிருந்து இத்தனை கூத்து.

திரையில் சாமிக்கண்ணு அண்ணன் வந்தார். சுற்றிலும் உபயக்காரப் பெயர்கள் மொய்த்துக் கிடந்தன. கவிதா அதையெல்லாம் வெட்டித் தள்ளியது. ஒரு காதைக் காணோம், தோளைக் காணோம். சிரிப்பு முழுசாக இருந்தது.

“வந்துட்டாரு பாருங்க” என்று அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னது. அப்புறம் கடை வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதது. கவிதா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டது.

அழுது முடிக்கும் முன்பே என் செல்போன் அடித்தது. தலைவர்.

“அந்தப் பொம்பளகிட்ட சொல்லு. மிஷின வெளில எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு.”

“எடுத்துட்டு வந்தாச்சுங்களே.”

“அதுக்குத்தான் நேத்து தேதி போட்டுருக்கோம்.”

அண்ணி போனை வாங்கியது. மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகப் பேசியது. “மாமா, மிஷினு உங்களுது. வந்து எடுத்துக்கங்க. கண்ணாடி மட்டும் தர மாட்டேன். அதுல இருக்கறது எங்க வூட்டுக்காரரு.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அண்ணி காது கொடுக்கவில்லை. போனைக் கவிதாவின் மேஜையில் வைத்துவிட்டது. கவிதா அடியிலிருந்த திருகுகளைக் கழற்றி, மேல்சட்டத்தைப் பிரித்து, ஓரத்துப் பசையைப் பிளேடால் அறுத்து, கண்ணாடியை முழுசாக எடுத்துக் கொடுத்தது. வீட்டு ஜன்னல் சட்டத்தில் ஆணியடித்து அண்ணி அதைப் பொருத்தியிருக்கிறது. காலையில் வெயில் படும்போது பின்னாலிருந்து வெளிச்சம் வந்து அண்ணன் சிரிப்பார். பெரிதாக்கிய படமும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அண்ணி நின்று பேசுவது கண்ணாடியிடம்தான்.

ஸ்கேனரைத் திரும்பப் பெற ஜெயங்கொண்டத்துக்கு ஒரு தூதுக்குழு வந்தது. கவிதா சட்டத்தை மாட்டி, மூடியை மூடிக் கொடுத்தது. வாங்கியவர்கள் எடை சரியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டுப் பொன்னாடை போர்த்தி எடுத்துப் போனார்கள். இப்போது அது மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மூடிக்கு மேல் பொட்டு வைக்கிறார்கள். மலர் வெளிவந்துவிட்டது. அட்டையில் மாலை போட்ட ஸ்கேனர், உள்ளே தலைவர், செயலாளர், பொருளாளர், எல்லாம் செல்போனில் எடுத்தது.

போன கூட்டத்தில் செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தார். ஸ்கேனர் எவ்விதப் பழுதுமின்றிச் சிறப்பாக இயங்கி வருவதாகச் சொன்னார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய், வேலியோரம் நின்று காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.